முப்பது விடியற்காலைகள் ஏலம்

அன்று சித்தூர் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் வீட்டிலிருந்து நைனா, அம்மா, அம்மாவின் மடியில் தங்கை, சித்தப்பா, நான் ஆகிய ஐந்து பேர் போயிருந்தோம். பெரியப்பா இல்லை, நாயுடுபேட்டைக்குப் பாரம் ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டிப் போயிருந்தார். மிஷன் துரையும் இல்லை. கிராமங்களைப் பார்க்க முகாம் கிளம்பிவிட்டார். துரை இருந்திருந்தால் ஜனங்கள் அத்தனை வாய்விட்டுச் சிரித்திருக்க மாட்டார்கள் என்று அம்மா பிற்பாடு சொல்லுவாள்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம்தான். அவரவர் நிலத்திலும் தொழுவத்திலும் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் உபதேசியார் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஏலம் கூறுவார். முட்டைக்கு மட்டும் ஒரு தனி வழக்கம். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். "திரும்ப விடுங்க" என்று கொடுத்துவிடுவார். ஒரே முட்டை பத்துக் கை மாறி, சபைக்குப் பத்துத் தரம் காசு சேர்த்துவிட்டு, கடைசியில் எங்கேயாவது விழுந்து உடையும்.

வந்த பணத்தில் ஒரு பங்கு ஏழைகளுக்கு. அவர்கள் பெயரைக் காகிதத்தில் எழுதி சர்ச் கதவில் ஒட்டுவார்கள். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் நான் நாலு பேர் முன்னால் உரக்கப் படித்தது அந்தக் காகிதத்தைத்தான். மூன்றாவதாக சித்தப்பா பெயர். பக்கத்தில் 'நொண்டி' என்று போட்டிருந்தது. தப்பில்லாமல் படித்துவிட்ட பெருமையில் திரும்பிப் பார்த்தேன். நைனா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் சித்தப்பாவின் இடது கால் சூம்பிப் போயிற்று. சந்தையோ பண்டிகையோ, நைனாதான் தம்பியைத் தோளில் தூக்கிப் போவாராம். வளர்ந்த பிறகு அந்தக் காலை மறைப்பதற்காகவே சித்தப்பா வேட்டியைத் தரையில் புரளவிட்டுக் கட்டுவார். சர்ச்சில் எல்லாரும் எழுந்து நின்ற பிறகுதான் எழுந்திருப்பார். திருப்பதியில் ஓர் அச்சுக்கூடத்தில் தாள் மடிக்கும் வேலைக்குப் போய் நாலு வருஷம் இருந்தார். அங்கே பக்கத்து அறையில் குடியிருந்த தெலுங்கு டிரில் மாஸ்டரிடம் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் கற்றுக்கொண்டாராம். திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார்.

விடிகிற நேரத்தில் முற்றத்தில் பாய் விரித்து உட்காருவார். வேட்டி முழங்காலுக்கு மேலே ஏறியிருக்கும். நான் அந்தக் காலை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

"இன்னாடா பாக்குற? தொட்டுப் பாரு, கடிக்காது," என்றார்.

"வலிக்குதா சித்தப்பா?"

"அலிபிரி அடிவாரத்துல குந்திக்கினு, மலை ஏறுறவங்களையே பாத்துக்கினு இருந்தேன் பாரு, அப்போ வலிச்சுது. இப்போ இல்ல."

அந்த வருஷம் பண்டிகைக்கு முன்னாலேயே அவர் போதகரிடம் போனார். தம் பெயரைக் கதவில் ஒட்ட வேண்டாம் என்றும், தாமும் காணிக்கை வைக்கப் போவதாகவும் சொன்னார். நிலம் இல்லை, கோழி இல்லை, என்னப்பா வைப்பாய் என்று போதகர் கேட்டார்.

"முப்பது விடியகாலைங்க ஐயா. ஏலம் எடுக்கிறவங்க வூட்டுக்கு நானே போயி ஆசனம் சொல்லித் தரேன்."

"மந்திரம் கிந்திரம் உண்டா?"

"மூச்சுதான் ஐயா."

"மூச்சு எல்லாருக்கும் கர்த்தர் குடுத்ததுதான். வை. ஆனா ஒண்ணு, எடுத்துக்க ஆள் இல்லைன்னா அது காணிக்கை ஆகாது. உன் பேரு பழையபடி பட்டியல்ல இருக்கும்."

பண்டிகையன்று அவர் முறை வந்தபோது உபதேசியாருக்குத் தூக்கிக் காட்ட ஒன்றும் இல்லை. அதனால் சித்தப்பாவையே முன்னால் வந்து நிற்கச் சொன்னார். விஷயத்தைச் சொன்னதுமே பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "நொண்டி நமக்கு நிக்கச் சொல்லித் தரப் போறானாம்டோய்!"

சிரிப்பு அடங்குகிற வரைக்கும் சித்தப்பா காத்திருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். சபை முழுக்கப் பார்க்க, அந்தக் காலில் நின்று வலது காலைத் தூக்கினார். இரண்டு மூச்சு நேரம் நின்றிருப்பார். ஆடினார். பூசணிக்காய்களுக்கு நடுவில் தொப்பென்று விழுந்தார். சிரிப்பு கூரையைத் தொட்டது. கீழே கிடந்தபடி அவரும் சிரித்தார். எழுந்து, தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுபடியும் நின்றார். இந்தத் தடவை அசையவில்லை.

"இந்தக் காலுக்கு ஒரு தூண் வேணும். தூண் இருந்தா நிக்குது. இது தெரியாம இத்தினி வருசமா இதுமேல கோவமா இருந்துட்டேன். உங்களுக்கு எங்கெங்க தூண் வேணுமோ, பாத்துச் சொல்றேன்."

மாந்தோப்பு வைத்திருந்த சபை மூப்பர்தான் முதலில் கேட்டார். "எட்டணா!" போட்டிக்கு ஆள் இல்லை. உபதேசியார் மூன்று தரம் கூறி முடித்ததும் மூப்பர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். "எனுக்கு எதுக்குப்பா? திரும்ப விடுங்க."

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. சித்தப்பாவின் காணிக்கையை முட்டை ஆக்கிவிட்டார்கள். அடுத்து எடுத்த மண்டிக்காரரும் "திரும்ப விடுங்க" என்றார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒரு ரூபாய்க்கு எடுத்து, தெலுங்கில் ஏதோ கேலி சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். காசு சேரச் சேர உபதேசியாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நானும் கைதட்டினேன். பூசணிக்காயைவிட எங்கள் சித்தப்பாவுக்கு அல்லவா விலை அதிகம்! அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தது எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

சித்தப்பா தூணில் கை வைத்தபடியே நின்றார். அவர் வயிறு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. முற்றத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும்போது எப்படியோ அப்படியே. அந்த நிதானத்தை நான் இன்றுவரை வேறு மனிதரிடம் கண்டதில்லை. இன்றும் பரீட்சை மண்டபத்தில் கேள்வித்தாளை வாங்கும்போது கண்ணை மூடினால் அந்த வயிறுதான் தெரிகிறது.

ஐந்தாவது சுற்றில் கடைசி வரிசையிலிருந்து நைனா எழுந்தார். சர்ச்சில் வாயே திறக்காத மனிதர் ஒரு தொகை சொன்னார். ஆட்டுக்கடாவுக்குக்கூட யாரும் அவ்வளவு கேட்டதில்லை.

"அட, உன் தம்பிதானேப்பா," என்றார் மூப்பர். "வூட்ல சும்மாவே சொல்லித் தருவானே! சரி, தாராளமா கேட்டுட்ட. திரும்ப விடு."

"குடுக்க மாட்டேங்க," என்றார் நைனா. "எனுக்கு வேணும். மூட்டை தூக்கித் தூக்கித் தோளு போச்சு." பிறகு தம்பியைப் பார்த்து, "நாளைக்கு விடியகாலை வந்துடணும் வாத்தியாரே," என்றார்.

சித்தப்பாவின் மூச்சு அப்போதுதான் தடுமாறியது.

ஏலம் எடுத்தவர் வீட்டுக்குப் போவதாக அல்லவா பேச்சு? ஆகவே மறுநாள் சித்தப்பா பின்பக்கமாக வெளியே போய், தெருவைச் சுற்றி வந்து, எங்கள் வாசல் கதவைத் தட்டினார். நைனா எழுந்து நின்று வரவேற்றார். முப்பது நாளும் இப்படியே நடந்தது. குனிந்தால் நைனாவின் கை முழங்காலைத் தாண்டாது, முனகுவார். "எதுவரைக்கும் வளையுதோ அதுவரைக்கும் போதும்ணா," என்பார் சித்தப்பா. "மீதி இருந்துட்டுப் போவட்டும்." பத்தாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குமாஸ்தா ஒரு பாயோடு வந்தார். மூப்பர் வரவில்லை, மூச்சிழுப்பு நோய்க்காரியான தம் மனைவியை அனுப்பினார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது முற்றத்தில் ஏழு பாய்கள் விரிந்தன. யாரையும் சித்தப்பா அடுத்தவரைப் பார்க்கச் சொன்னதில்லை; அவரவர் மூச்சைப் பார்க்கச் சொன்னார். கதவில் ஒட்டிய காகிதத்தில் அவர் பெயர் அந்த வருஷமும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மூப்பர் சொன்னதுதான் நியாயம் என்று பட்டது. ஒரே பானையில் சோறு தின்னுகிற சித்தப்பாவிடம் கற்றுக்கொள்ள எதற்குக் காசு? அதிலும் எனக்குச் சட்டை தைக்க வைத்திருந்த காசு! அம்மாவிடம் அழுது சண்டை போட்டேன். "உனுக்குப் புரியாது, போ," என்றாள். புரியத்தான் இல்லை. அந்தக் காசு போக மீதியை நைனா வாராவாரம் கூலியிலிருந்து கொடுத்து மூன்று மாதத்தில் சபைக்குக் கட்டி முடித்தார்: மொத்தம் பதினோரு ரூபாய் நாலணா.