பால் வண்டி டயர்

கால்நடை மருத்துவரான நான் தினமும் திருநெல்வேலி டவுணிலிருந்து களக்காட்டுக்கு என் பழைய ஜீப்பில்தான் போவேன். தொண்ணூறுகளில் ஜீப் ஓட்டும் பெண்ணை ஊரே திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

டயர் மாற்ற வேண்டி வந்தபோது, கடைக்கார அண்ணாச்சி பெரிய பெரிய ரப்பர் கட்டைகள் துருத்திய டயரை உருட்டி வந்தார். "வாழைத்தோட்டத்துச் சகதிக்கு இதாம்மா சரி. எதுக்கும் வீட்டுல சாரையும் ஒருதடவ கூட்டிட்டு வாங்க."

"என் வீட்டுக்காரருக்கு சைக்கிள்தான் ஓட்டத் தெரியும், அண்ணாச்சி."

சகதி கடைசிக் கொஞ்ச தூரம்தான்; மற்றதெல்லாம் தார் ரோடு. அந்த டயர் தாரில் ஓலமிட்டுக்கொண்டே சீக்கிரம் தேய்ந்துபோகும். சாதாரணக் கார் டயரோ சகதியில் சும்மா சுற்றிக்கொண்டு நிற்கும். மூலையில் வேறொன்று கிடந்தது. தாருக்கு ஏற்ற மாதிரி நடுவில் நெருக்கமான வெட்டு, சகதிக்கு ஏற்ற மாதிரி ஓரங்களில் அகலமான வெட்டு. விலையும் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியானது.

"அது பால் வண்டிக்குப் போடுததும்மா," என்றார் இளக்காரமாக.

எந்த மழையிலும் தோட்டந்தோட்டமாக நுழைந்து, விடிவதற்குள் டவுணுக்குப் பால் கொண்டுவரும் வண்டி அது. "அப்போ எனக்கும் அதையே போடுங்க," என்றேன்.

அந்தக் கார்த்திகை மழையில் ஜீப் எந்தத் தோட்டத்திலும் சிக்கவில்லை. கன்று ஈன முடியாமல் தவித்த மாடுகளிடம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தை மாதம் காற்றடிக்கப் போனபோது, அண்ணாச்சி வேறொரு ஜீப்காரருக்கு அதே டயரைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். வந்தவர் முகம் சுளித்தார். "இது பால் வண்டி டயருல்லா?"

"யாரு சொன்னா? இது மாட்டு டாக்டரம்மா டயரு வே."