ஆர்யா, ஆபீஸ்

எங்கள் தெருமுனையில் மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. தரையில் நிற்பவர் "ஆபீஸ்" என்று குரல் கொடுத்தால் கம்பிக்கட்டு மேலே போகிறது. "ஆர்யா" என்றால் இறங்குகிறது. வாசலில் பேப்பர் படிக்கும் எனக்கு முதல் சொல்லைக் கேட்டதும் பிடரி விறைத்துக்கொள்கிறது. இத்தனை வருஷமாகியும் அந்த விறைப்பு போகவில்லை.

துறைமுகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் இந்த இரண்டு சொற்களும்தான் எங்களை ஆண்டன. தூக்கு என்பதற்கு ஆபீஸ், இறக்கு என்பதற்கு ஆர்யா. எந்த ஊர்ப் பாஷை என்று யாரும் கேட்டதில்லை. கப்பலின் சரக்கறை வாயில் நின்று அவற்றைச் சொல்லும் சிக்னல்காரர்தான் எங்கள் ரக்பி அணியின் கேப்டன். காசிமேட்டுக்காரர், கட்டுமரம் தள்ளிய தோள். அவர் குரல் எட்டாத இடம் ராயபுரத்தில் இல்லை என்று கிண்டல் செய்வோம்.

ராயபுரத்தில் ரக்பியா என்று என் பேரனே சிரிக்கிறான். ஆடினோம் ஐயா. கப்பல் பழுது பார்க்கும் பட்டறையின் வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். முட்டைப் பந்து, கையால் பின்பக்கம்தான் வீச வேண்டும், மோதினால் கட்டிப் புரள வேண்டும். இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தலைகளைக் கோத்துத் தள்ளும் கட்டத்தை நாங்கள் முட்டு என்போம். முன்வரிசை நடுவில் கேப்டன். "ஆர்யா" என்பார், எல்லோரும் குனிவோம். முட்டு சரிந்து யார் கழுத்தாவது மாட்டினால் "ஆபீஸ்" என்று கத்த வேண்டும். கத்தியதும் எங்கள் ஆட்கள் விட்டுவிட்டு எழ, நடுவராக நின்ற இன்ஜினியர் விசிலை ஊதி எதிரணியையும் நிறுத்திவிடுவார். அவரும் கப்பலில் திரிந்தவர், அந்தச் சொல் அவருக்குத் தெரியும்.

சுதந்திரம் வந்தது. இன்ஜினியர் ஊருக்குக் கப்பலேறினார். ஆட்டத்தை நடத்திய சங்கம் மவுண்ட் ரோடு பெரிய மனிதர்கள் கைக்குப் போனது. புதுச் செயலாளர் முதல் நாள் எங்கள் பந்தைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்து, காற்று சரியாக அடிக்கவில்லையா என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. மைதானத்துக்குத் தண்ணீர் விடும் லாரி நின்றது. நிலக்கரித் தூள் படிந்த தரை சிமெண்டாக இறுகியது. ஆட்டம் தெரிந்த நடுவர் ஒருவரையாவது போடுங்கள் என்று கேப்டன் மவுண்ட் ரோட்டுக்கு நடையாய் நடந்தார். அடுத்த கமிட்டியில் பார்க்கலாம் என்பதே பதில். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். அவர் செயலாளரிடம் சொன்னது காதிலேயே நிற்கிறது.

"சிக்னல் தெரியாதவன் மேல நின்னா, அடியில கீறவன் கதி இன்னா சார்?"

செயலாளர் பேனாவை மூடினார். "பார்க்கலாம்ப்பா."

திருவொற்றியூர் ஆலை அணியோடு ஆட்டம். சித்திரை வெயில், காற்று செத்துக் கிடந்தது. நடுவர் வராததால் செயலாளரே விசிலை மாட்டிக்கொண்டு வந்தார். இன்று வேண்டாம், திரும்பிவிடலாம் என்று நான் சொன்னேன். திரும்பினால் ஆட்டமே இல்லை என்று எழுதி மூடிவிடுவார்கள் என்றார் கேப்டன். அவர் பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

நான் ஓரத்தில் ஓடுகிறவன். முட்டுக்கு வெளியே நின்றேன். சரிந்தது தெரிந்தது. அடியிலிருந்து அவர் குரல், "ஆபீஸ்! ஆபீஸ்!" எங்கள் ஆட்கள் பழக்கப்படி விட்டு எழுந்தார்கள். ஆலைக்காரர்களுக்கு அந்தச் சொல் தெரியாது. விசில் வராததால் தள்ளிக்கொண்டே இருந்தார்கள், எட்டுப் பேரின் பாரமும் ஒரு கழுத்தின் மேல் இறங்கியது. "விசில் ஊதுங்க சார்" என்று நான் அலறிக்கொண்டு ஓடினேன். செயலாளர் முகம் சிவக்க நின்றார்.

"ஆபீஸ்ல யார்கிட்ட வேணும்னாலும் போய்ச் சொல்லிக்கட்டும். மிரட்டினா பயப்படற ஆள் நான் இல்லை."

ஆட்களைப் பிடித்து இழுத்துப் போட்டேன். கேப்டன் மல்லாந்து கிடந்தார், கண் திறந்திருந்தது, வலி இல்லை என்றார். பிறகு மெதுவாக, "மாமு, என் கை எங்க கீது பாரு" என்றார். இரண்டு கையும் அவர் மார்பின் மேலேதான் கிடந்தன.

சங்கம் விசாரிக்கவில்லை. இது நம் ஊருக்கு ஆகாத முரட்டு ஆட்டம் என்று ஒரே கூட்டத்தில் ரக்பியைக் கைவிட்டது. மைதானத்தில் தார் பீப்பாய்களை அடுக்கினார்கள். யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியாத கோபம் எனக்கு, இன்னும் ஆறவில்லை.

சில மாதம் கழித்துச் செயலாளர் ஆரஞ்சுப் பழங்களோடு கேப்டன் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். கேப்டனின் மனைவி முக்காலியைத் துடைத்துப் போட்டார். செயலாளர் நல்ல வார்த்தைகள் நிறையப் பேசினார். பேசப் பேச கேப்டன் தலையணையிலிருந்து சரிந்துகொண்டே வந்தார், மூச்சு முட்டியது. அந்த வீட்டில் அவரைத் தூக்கிவிடுவதற்கும் அதே சொல்தான்.

"ஆபீஸ்" என்றார், சன்னமாக.

செயலாளர் பரிவோடு தலையாட்டினார். "ஆபீஸ்ல கண்டிப்பா சொல்றேம்ப்பா."

அதற்குள் கேப்டனின் மனைவி ஒரு தோளையும் நான் ஒரு தோளையும் பிடித்துத் தூக்கியிருந்தோம். கேப்டன் என்னைப் பார்த்தார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

இதோ, தெருமுனையில் மறுபடி அந்தக் குரல். பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்க்கிறேன். கம்பிக்கட்டு தரையை விட்டுக் கிளம்பிய பிறகுதான் திரும்ப விரிக்கிறேன்.