சித்தப்பாவும் ஒன்றரை வோல்ற்றும்

பதினொரு வயதில் என் சொந்தச் சித்தப்பாவைக் கள்ளன் என்று நிரூபித்தவன் நான். அதையும் விஞ்ஞான முறைப்படி செய்தேன் என்பதுதான் இன்றைக்கும் வெட்கம்.

யுத்த காலம். வாவியைக் கடந்து எங்கள் படுவான்கரைக்குப் பற்றரி கொண்டுவரத் தடை. அம்மா ஒருமுறை அரிசிமாப் பைக்குள் இரண்டைப் புதைத்து, சோதனைச் சாவடியில் மாவைவிட வெளிறிய முகத்தோடு நின்று, கொண்டுவந்து சேர்த்தார். றேடியோவில் போட்டோம். நாளைக்கு வாவியைக் கடக்கலாமா என்பதை அப்பா செய்தி கேட்டுத்தான் தீர்மானிப்பார்.

மூன்றாம் நாளே றேடியோ பாதிச் செய்தியில் முனகி அடங்கியது. வீட்டில் எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். யானைக் காவலுக்கு வயல்வட்டைக்குப் போகிறவர். அவருடைய டோர்ச் லைட் திடீரென்று அளவுக்கு மீறிப் பிரகாசித்தது.

றேடியோ திருத்தும் மாமா தந்த, கண்ணாடி வெடித்த வோல்ற்று மீற்றர் ஒன்று என்னிடம் இருந்தது. மறுநாள் மத்தியானம் றேடியோப் பற்றரிகளைக் கழற்றி, கொஞ்சம் உயிர் வரட்டுமென்று வழக்கம்போல வெயிலில் காயவைத்து, அளந்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றரை வோல்ற்று. நல்ல பற்றரிகள். பொழுதுபடத் திரும்பப் போட்டால் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஆகவே, நான் அளந்த பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள்!

"சித்தப்பாட டோர்ச்சக் கழட்டிப் பாருங்க" என்றேன்.

சித்தப்பா சிரித்தார். "என்ன மனே, பொலிசுக்கு ஆள் எடுக்கிறானுகளா?"

அப்பா சிரிக்கவில்லை. டோர்ச்சின் பற்றரிகளை றேடியோவில் போட்டதும் அது தொண்டையைத் திறந்து பேசியது.

"அண்ணன், இண்டைக்கு நான் இந்த றேடியோவத் தொடவேயில்ல. கோயிலடியில வேணுமெண்டாலும் சத்தியம் பண்றன்."

அப்பா பற்றரிகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. யானை வரும் வட்டைக்குச் சித்தப்பா தீப்பந்தத்தோடு போனார். அறுவடை முடியும்வரை எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

பல வருடம் கழித்துத்தான் படித்தேன்: சும்மா கிடக்கும்போது அளந்தால் செத்த பற்றரியும் கிட்டத்தட்ட முழு வோல்ற்றுக் காட்டும். பல்ப் ஒன்றைக் கொழுவி, அது எரியும்போது அளக்க வேண்டும். அப்படியானால் யாரும் மாற்றியிருக்கத் தேவையில்லை. பற்றரி தன்பாட்டில் செத்திருக்கிறது. ஒரு மனுசனை யானைக்கு முன்னால் நிறுத்திய என் சாட்சி பொய்!

மன்னிப்புக் கேட்கப் போனேன். தாளில் மின்சுற்று வரைந்து அரைமணி நேரம் விளக்கினேன். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார்.

"மாத்தினது நான்தான் மனே" என்றார். "நீ அளக்கிறதுக்கு முதல் நாளே மாத்திட்டன். வெயிலில காயவெச்சு நீ அளந்ததெல்லாம் என்ட செத்த பற்றரிதான்."