ஒரு படி உயர்ந்த சாலை

நகரைச் சுற்றிப் போகும் வட்டச் சாலையை ஆறு வழியாக்கும் வேலை மூன்றாவது வருடத்தைத் தொட்டபோது அந்த வதந்தி பிறந்தது. வாய்க்கால் பாலத்தை ஒட்டிய சர்வீஸ் ரோடு மட்டும் பக்கத்து வீடுகளைவிட உயரமாக, மேடை கட்டியதுபோல நிற்கிறதே, ஏன்? எதிரே கார் ஷோரூம் இருக்கிறது. அதன் வாசலில் தண்ணீர் நிற்கக் கூடாது. ஆகவே முதலாளி இன்ஜினியர் அம்மாவைக் கவனித்துவிட்டார். அந்தக் கவனிப்பு காலையில் ஒரு தங்கச் சங்கிலியாக இருந்தது. மதியம் டீக்கடையைத் தாண்டியபோது கார் ஆகிவிட்டது. சாயங்காலத்துக்குள் காரின் நிறமும் தெரிந்துவிட்டது. வெள்ளை.

இதைக் கேட்டு ஊரிலேயே அதிகம் கொதித்தவர் குச்சிக்காரர்.

சாலை எங்கே எவ்வளவு உயரம் என்று அளக்க ஒருவர் முக்காலிக் கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பார். தூரத்தில் இன்னொருவர் அளவு எழுதிய நீளக் குச்சியை ஆடாமல் அசையாமல் பிடித்து நிற்பார். பார்ப்பவருக்குப் படிப்பு வேண்டும். பார்க்கப்படுபவருக்கு முதுகெலும்பு போதும். முப்பத்தோரு வருடமாக நம் ஆள் பார்க்கப்படுபவர். பழைய கருவிகளில் உருவம் தலைகீழாகத் தெரியும் என்பதால், முதல் பத்து வருடம் அதிகாரிகள் தன்னைக் காலிலிருந்துதான் அடையாளம் கண்டார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் வேலையில் சிரிப்பு கிடையாது. குச்சி ஒரு நூல் சாய்ந்தாலும் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டுச் சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால்கூட எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டுத்தான் உட்காருவார். "இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு நான் தலையைக்கூடச் சாய்ச்சுப் படுக்க முடியலை" என்பது அவர் மனைவியின் புகார்.

இன்ஜினியர் அம்மாவுக்கு அவர் மகள் வயதுதான். வந்த முதல் நாளே அவருக்கென்று தகரக் கொட்டகை ஆபீஸில் ஒரு நாற்காலி போடச் சொன்னவள். தினமும் "சாப்டீங்களாண்ணே?" என்று கேட்பவள். முப்பத்தோரு வருடத்தில் அவரிடம் அதைக் கேட்ட ஒரே அதிகாரி. அவளை விசாரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து திங்கட்கிழமை ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது.

சனிக்கிழமை மதியம் குச்சிக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். ஊர் வாயை அளவால் அடைப்பது. கருவிக்காரர் லீவு. கொட்டகைச் சாவி தன்னிடம். இத்தனை வருடம் எதிரில் நின்றதில் கருவியைப் பார்க்கத் தெரியாமலா போய்விடும்? ஒரே சிக்கல், குச்சியைப் பிடிக்க ஆள் வேண்டும்.

பாலத்திலிருந்து மூன்றாவது வீடு தையல்காரம்மாவுடையது. முன்னறைதான் கடை. போன மழைக்குச் சாலையிலிருந்து தண்ணீர் நேராக உள்ளே இறங்கியதில், தையல் மிஷின் இப்போது நாலு செங்கல் மேல் நின்றது. அதை மிதிக்க அவர் ஸ்டூலுக்கு மேல் தலையணை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரு, குச்சிக்காரரா? கையில அது இல்லாம வந்திருந்தா அடையாளமே தெரிஞ்சிருக்காது."

"ஒரு உதவிம்மா. இதை அரைமணி நேரம் பிடிக்கணும்."

"நான் பிடிச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பார்ப்பேன்."

"முப்பது வருஷமா ஊரே உங்களைப் பார்த்துச்சு. இப்ப நீங்க என்னைப் பார்க்கப் போறீங்களாக்கும். வீட்டுல சொல்லிட்டுத்தானே வந்தீங்க?"

சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். வெயில் கருவியின் மேல் அடிக்கக் கூடாது என்றதும் தன் கறுப்புக் குடையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் ஒரு கம்பி நீல நூலால் கட்டப்பட்டிருந்தது.

கணக்கு எளிது. அந்தப் பகுதியில் உயரத்துக்கு ஆதாரமாக இரண்டு குறிகள் உண்டு. ஒன்று பாலத்துச் சுவரில், இன்னொன்று தையல்காரம்மா வீட்டு வாசற்படியில். இரண்டும் சிவப்பு அம்பு. படி பாலத்தைவிட நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் தாழ்வு என்று பழைய நோட்டில் இருக்கிறது. படியிலிருந்து அளந்துதான் சர்வீஸ் ரோடு போட்டார்கள். குறிகள் சரி என்று முதலில் காட்டிவிட்டால், அதிலிருந்து சாலையும் சரி என்று காட்டிவிடலாம்.

தையல்காரம்மா முதலில் பாலத்தில் போய் நின்றார்.

"நேரா பிடிங்கம்மா!"

"நான் நேராத்தான் நிக்கிறேன். நீங்கதான் கோணிக்கிட்டுப் பார்க்கிறீங்க!"

பிறகு படியில். குச்சிக்காரர் கண்ணை வைத்தார், எண்ணைப் படித்தார், கழித்தார். இருபத்தேழு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இருபத்தேழு. பதினைந்து சென்டிமீட்டரைக் காணோம். அம்மா குச்சியை எதன் மேலோ தூக்கி வைத்துவிட்டார் என்று நினைத்து, திட்டத் தயாராகி, படிக்கு நடந்து வந்து குனிந்தார்.

குச்சி சரியாக அம்பின் மேல்தான் இருந்தது. அம்பு அழகாக இருந்தது. வால் நேராக, முனை கூராக. அந்தக் கை யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே தையல்காரம்மா, மழைத்தண்ணீர் வருகிறதென்று பழைய படியின் மேல் பதினைந்து சென்டிமீட்டர் கனத்தில் புதிதாக ஒரு கல் பதித்தார். அம்பு அடியில் போய்விட்டது. பயந்துபோய் இவரைக் கூப்பிட்டார். "உங்க குறி மறைஞ்சிடுச்சே, ஆபீஸ்ல ஏதாவது சொல்லுவாங்களா?" இவர் பெருந்தன்மையாக, "இதெல்லாம் ஒரு விஷயமா, இருங்க" என்று பெயின்ட் டப்பாவை எடுத்துவந்து, புதுக் கல்லின் மேல் அதே அம்பை, அதே எண்ணோடு, முன்னைவிட நேர்த்தியாக வரைந்து கொடுத்தார். டீயும் குடித்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தார். குறி பளிச்சென்று தெரிந்தால் சரி, அல்லவா?

மறுநாளிலிருந்து எல்லோரும் அந்த அம்பிலிருந்து அளந்தார்கள். சாயங்காலம் பாலத்துக் குறியில் கொண்டுபோய் முடித்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. பாலத்தில் நிழல் கிடையாது. வெயில் காலத்தில் விதி ஆபீஸை விட்டு வெளியே வராது. நோட்டில் 'சரி' என்று எழுதுவதற்கு நிழல் போதும். இப்படியாக, தண்ணீருக்குப் பயந்து தையல்காரம்மா ஒரு படி ஏற, அவர் பின்னாலேயே இருநூறு மீட்டர் சாலையும் ஒரு படி ஏறி, பதினொரு வீட்டு வாசலில் தண்ணீரைக் கொண்டுவந்து விட்டது.

"என்ன, முகம் இப்படி ஆயிடுச்சு?"

"வெயிலும்மா."

"அந்த இன்ஜினியர் பொண்ணு பண்ணின வேலைதானே? சொல்லுங்க, நேர்ல போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன். என் மிஷின் செங்கல் மேல நிக்குது, அவளுக்கு வெள்ளைக் கார் கேக்குதா?"

"அவங்க இல்லை."

"அப்ப யாரு?"

"பார்க்கணும்."

"இவ்வளவு நேரம் பார்த்தீங்களே!"

குச்சிக்காரர் முக்காலியை மடக்கினார். கருவியைப் பெட்டியில் வைத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டுக்குப் போன பிறகுதான் குடையும் கூடவே வந்துவிட்டது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் ஒரு கம்பி பிரஷ்ஷைப் பற்றி யோசித்தார். கொட்டகையில் இருக்கிறது. பத்து நிமிடம் தேய்த்தால் அம்பு இருந்த இடமே தெரியாது. குறி அழிந்துவிட்டால் எது தப்பு என்று யாரால் சொல்ல முடியும்? ஓய்வு பெற ஏழு மாதம். முப்பத்தோரு வருட நேர்மை, ஒரு டப்பா சிவப்பு பெயின்ட்டில் போக வேண்டுமா? பிரஷ்ஷை அவர் தொடவில்லை. தொடாததற்காகத் தன்னை மெச்சிக்கொள்ளவும் முடியவில்லை; கைதான் தொடவில்லை, மனது நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை காலை, குழு வருவதற்கு முன், கொட்டகையில் இன்ஜினியர் அம்மா கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"பதினைஞ்சா?"

"பதினைஞ்சும்மா."

"எப்ப தெரியும்?"

"சனிக்கிழமை மதியம்."

அவள் காலண்டரைப் பார்த்தாள். "இன்னிக்குத் திங்கள்."

அவர் தலையாட்டினார்.

"நேத்து என் மாமியார் கேட்டாங்கண்ணே, கார் எப்ப வீட்டுக்கு வரும்னு. விளையாட்டுக்குத்தான். நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா எனக்குச் சொல்ல ஒரு பதிலாவது இருந்திருக்கும்."

பிறகு அவள் அறிக்கை எழுதினாள். 'அளவுக் குறி இடம்பெயர்ந்திருந்தது. இறுதிச் சரிபார்ப்பு விடுபட்டது.' அலுவலக மொழியில் குறிகள் தாமாகவே எழுந்து நடக்கும்.

"என் பேரைப் போடுங்கம்மா."

"போட்டா உங்க ஓய்வூதியத்தை நிறுத்தி வெச்சிடுவாங்க. சரிபார்க்காம கையெழுத்துப் போட்டது நான். அதைப் போட்டுட்டேன். நீங்க போங்கண்ணே, அவங்க வந்துட்டாங்க."

அவளுக்குக் கண்டித்து ஒரு குறிப்பாணை வந்தது, வேலை நிலைத்தது. கடைசி அடுக்கு தார் இன்னும் போடாததால், சாலையைச் சுரண்டும் இயந்திரம் வந்து பத்து சென்டிமீட்டர் இறக்கியது. அடியில் குடிநீர்க் குழாய் போவதால் மீதி ஐந்தைத் தொட முடியாது என்றார்கள். இன்ஜினியர் அம்மா இன்னும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். நாற்காலியும் அங்கேயேதான் இருக்கிறது. சாப்டீங்களா என்று மட்டும் கேட்பதில்லை. மறந்திருக்கலாம். ஊருக்கும் புது வதந்தி கிடைத்துவிட்டது: தையல்காரம்மா இன்ஜினியருக்குச் சித்தி முறையாம், அதனால்தான் சாலையை இறக்கினார்களாம்.

குச்சிக்காரர் குடையை எடுத்துக்கொண்டு இரண்டு முறை போனார். முதல் முறை, அவர் வாயைத் திறப்பதற்குள் தையல்காரம்மா பக்கத்து வீடுகளைக் கூப்பிட்டுவிட்டார். "இவர்தான்! இவர் வெயில்ல நின்னு பார்த்ததாலதான் ரோடு இறங்குச்சு!" பதினொரு வீட்டுக்காரர்களும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இரண்டாம் முறை மிஷினுக்கு அடியில் இரண்டு செங்கல் குறைந்திருந்தது. "பத்து சென்டிமீட்டரும் நீங்க கொடுத்தது" என்றார் அந்த அம்மா. குடையைக் கொடுத்தால் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும் என்று ஏனோ அவருக்குத் தோன்றிவிட்டது. இரண்டு முறையும் குடை அக்குளிலேயே திரும்பி வந்தது. இரண்டாம் முறை வழியில் மழை பிடித்துக்கொண்டது. விரிக்காமல் நனைந்துகொண்டே வந்தார்.

"கையில குடையை வெச்சுக்கிட்டா இப்படி நனைஞ்சு வந்தீங்க?" என்றார் மனைவி, துண்டை நீட்டியபடி. "இது நம்மது இல்லையே, யாருது?"

"தையல்காரம்மாவோடது."

"கொடுத்துட்டு வர வேண்டியதுதானே?"

"கொடுக்கணும்."

கதவுக்குப் பின்னால் காலண்டர் ஆணியிலேயே அதை மாட்டினார். காலண்டர் சாய்ந்தது. அதைச் சரிசெய்யாமல் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.