இரு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம்

இன்று மாலை அடையாறில் நாய்கள் காப்பகத்தின் கூட்டம். இடம் போதவில்லை, நடக்க முடியாத கிழ நாய்களுக்கு ஊசி போட்டுவிடலாம் என்றார் மேலாளர். ஒன்றைக்கூடக் கொல்லக் கூடாது என்று தன்னார்வலர்கள் சண்டையிட்டார்கள்.

"அப்போ உன் வூட்டுக்கு இட்டுகினு போம்மா!" என்று அவர்களின் தலைவியிடம் மேலாளர் கத்தினார்.

நான் கையைத் தூக்கினேன், பாதிதான். பின்கால் விளங்காத மணி என்ற கிழ நாயை எனக்குத் தரும்படி கேட்டேன். மந்தைவெளியில் தரைத்தள வீடு, தனியாக இருக்கிறேன், இரண்டு வேளையும் சமைக்கிறேன் என்றும் சொன்னேன்.

"வயசு இன்னா சார்?"

"எழுபத்தாறு."

"உங்களுக்கு ஒண்ணுன்னா மணியை யார் பாத்துப்பாங்க அங்கிள்?" என்றார் தலைவி.

"அதாம்மா நானும் சொல்றேன்" என்றார் மேலாளர்.

மாலை முழுவதும் அவர்கள் ஒத்துப்போனது இதில் மட்டும்தான்.

எனக்குப் பிறகு மணியை வைத்துக்கொள்வதாக இன்னொருவர் கையெழுத்துப் போட்டால் தருவார்களாம். வெள்ளிக்கிழமை வரை ஊசி கிடையாது.

திரும்பும்போது பேருந்தில் கைப்பேசியிலுள்ள பெயர்களை வரிசையாகப் பார்த்தேன். மருத்துவர்கள், மின்வாரியம், கேஸ். கேட்கும்படி ஒரு பெயர் அகப்படவில்லை.

இப்படிப் பொதுவில் கேட்பது சரியா, தெரியவில்லை. கையெழுத்துப் போட அறுபது வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் சொல்லுங்கள். மணி அதிகம் குரைக்காது. நானும் அப்படித்தான்.