விளையாட்டில் சிரித்த பெண்கள்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். காதல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோ கேம்களில்தான் பார்த்தேன். நெல்லித்தோப்பில் ஒரு கேம் சென்டரில் வேலை செய்தேன். அதை மூடும்போது பழைய கேம் பெட்டி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அது எங்கள் வீட்டு டிவியோடு சேர்ந்தது.

நான் ஆடுவேன். மனைவி கீரை ஆய்ந்தபடி பார்ப்பாள். சண்டை வந்தால் எழுந்து போய்விடுவாள். காதல் காட்சி வந்தால், என்ன பேசுகிறார்கள் என்று கேட்பாள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்து, பாதியை ஊகித்துச் சொல்வேன். நாலைந்து கதைகளிலேயே அவள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். நாயகனை விரும்புகிற பெண் ஒருமுறை மனசாரச் சிரித்து, இதெல்லாம் முடிந்ததும் கடலோரத்தில் வீடு கட்டலாம் என்று சொன்னால் போதும், சீக்கிரமே பிணமாகிவிடுவாள். அவனுக்குக் கோபம் வர வேண்டும், கத்தியை எடுக்க வேண்டும். அதற்காகவே அவளைக் கொல்கிறார்கள்.

"தோ பாருங்க, சிரிச்சிட்டா. டிக்கெட் எடுத்துட்டா!" என்பாள். அப்படியே நடக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

எனக்குச் சிரிப்பு வராது. கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். அந்தப் பெண்களின் முகங்கள் வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் கூடவே வரும். எல்லாம் சிரித்த முகங்கள்.

பிறகு மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷனுக்கு முந்தின மத்தியானம் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதெல்லாம் முடிஞ்சதும் நான் ஸ்கூட்டி கத்துக்கப் போறேன். நான் ஓட்டறேன், நீங்க பின்னாடி ஒக்காருங்க. தவளக்குப்பம் வரைக்கும் ஜம்முனு போய் வரலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"வாய மூடுடி!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"ஏன், நானும் டிக்கெட் எடுத்துட்டனா?" கேலியாகத்தான் கேட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் மாறியது. "அப்ப நான் செத்துடுவேன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

கேமில் என்றால் திரையில் மூன்று பதில்கள் வரும். தப்பானதை அமுக்கிவிட்டால் பழைய இடத்திலிருந்து மறுபடி ஆடலாம். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிழைத்து வந்தாள். ஆனால் என்னிடம் நாளையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். "பொங்கலுக்கு..." என்று ஆரம்பிப்பாள். என்னைப் பார்ப்பாள். "ஒண்ணுமில்ல" என்று எழுந்து போவாள். டிவி முன்னால் உட்காருவதும் நின்றுபோனது. பெட்டியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். சமைத்தாள், துவைத்தாள், பேசினாள். சிரிக்கிற ஒருத்தி மட்டும் அந்த வார்டிலேயே தங்கிவிட்டது போலிருந்தது. அவளை அங்கே விட்டுவந்தவன் நான்தான்.

போன மாதம் மார்க்கெட் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு ஸ்கூட்டி. ஓட்டி வந்தவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். என் மனைவி! எப்போது கற்றுக்கொண்டாள், யாருடைய வண்டி, எதுவும் எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். எனக்காகத்தான் நிறுத்தினாள். வண்டியும் நின்றது.

ஹெல்மெட், பிரேக், லாரி என்று என்னென்னவோ தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.

"சிரிச்சிக்கிட்டு தான வந்த? நிறுத்தாத."

சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "ஏறுங்க. எங்கன்னு மட்டும் கேக்காதீங்க."

ஏறினேன். கேட்கவில்லை. கேமில் நாயகனின் முதுகையே பார்த்து ஆடுவதைப் போல அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. சிரிக்கிறாளா என்று கண்ணாடியில் எட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது. வண்டி தவளக்குப்பம் போகும் கடலூர் ரோட்டில் திரும்பியது.