த்ரோ

நானும் மனைவியும் மாதா கோயில் பூசைக்குப் போகும் வழியில், கல்யாண ஊர்வலக் குதிரை ஒன்று டக்டக்கென்று எங்களைத் தாண்டி ஓடியது. அந்தச் சத்தத்தோடு அப்பா நினைவுக்கு வந்துவிட்டார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் குதிரைகளைப் பழக்கியவர் அவர். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் குதிரைகளுக்கு இடும் அந்தக் கட்டளைச் சொற்கள் எங்கள் வீட்டைவிட்டுப் போகவில்லை. ‘பா’ என்றால் நடை. ‘த்ரோ’ என்றால் துள்ளோட்டம். ‘கலோ’ என்றால் நாலுகால் பாய்ச்சல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பின்தங்கினால், அப்பா திரும்பிப் பார்க்காமலே “த்ரோ!” என்பார். கோயில் வாசலில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருவாள். நான் வெட்கத்தில் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இன்று மனைவி முழங்கால் வலியோடு பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

“மணியடிச்சிட்டாங்க, த்ரோ!” என்றேன்.

“தோ வந்துட்டேங்க” என்று ஓடிவந்தாள்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.